ரஃபத் ஜஹான் பார்த்த தண்ணீர்

1998 மார்ச் 2 – மிச்சம், நாளுக்கு 15 லிட்டர்
1998 மார்ச் 9 – 1.8
1998 ஏப்ரல் 6 – 1.7
1998 மே 4 – 1.9
1998 ஜூன் 8 – 1.8
1998 ஜூலை 6 – 1.8
1998 ஜூலை 31 – எண் இல்லை. சிவப்பு.
1998 ஆகஸ்ட் 3 – 1.8

எங்கள் மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறையில் இருந்த வடிநீர்ப் பதிவேட்டிலிருந்து இந்த வரிகளை எடுத்தேன். வடிநீர் என்பது காய்ச்சி வடித்த தண்ணீர். அந்த நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று ஒரு மீட்டரால் பார்ப்போம். உப்பு குறைந்தால் எண்ணும் குறையும். இரண்டுக்குள் இருந்தால் நல்ல நீர். அத்துறையில் இருபத்தாறு ஆண்டுகள் சரக்குக் காப்பாளனாக இருந்து 2003-ல் ஓய்வு பெற்றவன் நான். பதிவேடு என் கையெழுத்து. இந்த வரிகளில் எண் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அந்த வரி ரஃபத் ஜஹானால் வந்தது.

ரஃபத் ஜஹான் 1972-ல் ஆம்பூரில் பிறந்தார். தந்தை நிசார் அஹமது, தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பாய்லர் ஓட்டியவர். தாய் அஃப்ஸர் ஜஹான், ஷூக் கம்பெனிகளுக்காக ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தவர். ரஃபத் வாணியம்பாடியில் வேதியியல் பட்டம் முடித்து, 1993 ஜூனில் தந்தை வேலை செய்த அதே டேனரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வேலை, தண்ணீர் பார்ப்பது.

பாலாற்றங்கரைக் கிணறுகளின் தண்ணீர் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அதில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அந்தத் தண்ணீரை அப்படியே பாய்லரில் ஊற்றினால் உட்சுவரில் கல் போலப் படிந்துவிடும். அதனால் உப்பு நீக்கிய தண்ணீரைத்தான் பாய்லருக்கு விடுவார்கள். உப்பு நீங்கியதா என்று தினமும் காலையில் பார்த்துச் சொல்வது ரஃபத்தின் பொறுப்பு. சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், அம்மோனியா நெடி அடிக்கும் ஒரு திரவத்தில் நாலு சொட்டு, ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி. தண்ணீர் சுத்தமாக இருந்தால் நீலமாகும். கால்சியமோ மக்னீசியமோ மீந்திருந்தால் மாதுளம்பழச் சிவப்பாகும்.

நிசார் அஹமது தினமும் ஆய்வுக்கூட ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாராம். மற்ற ஆட்கள் முன்னிலையில் சொந்த மகளை மேடம் என்றே கூப்பிடுவாராம். மகள் குழாயைத் தூக்கிக் காட்டி நீலம் என்றால்தான் பாய்லரைப் பற்ற வைப்பார். சிவப்பு வந்த நாட்களில், வீட்டில் சோறு போடுகிறவளே வேலைக்கு வேட்டு வைக்கிறாள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி புலம்பிக்கொண்டு திரும்பிப் போவார். ஆனால் ஒரு நாள்கூட அவர் சிவப்பில் பாய்லர் ஓட்டியதில்லை.

1996-ல் கழிவுநீர் வழக்கை ஒட்டிப் பல டேனரிகளை மூட வேண்டி வந்தது. அவர்களுடையதும் மூடியது. கடைசி நாளன்று கறுப்புப் பொடி இருந்த சிறு குப்பியையும் அந்தச் சொட்டு மருந்தையும் எடுத்துக்கொள்ள மேலாளர் அனுமதித்தார். அவற்றை வைத்துக்கொள்ள அஃப்ஸர் ஜஹான் மிஞ்சிய ஆட்டுத்தோலில் ஒரு பை தைத்துக் கொடுத்தார். ஐந்து மாதம் ரஃபத் தாயோடு உட்கார்ந்து ஷூ தைத்தார். கை வேகமாக வரவில்லை என்று தாய் குறைப்பட்டுக்கொண்டாராம். 1997 பிப்ரவரி 3, திங்கட்கிழமை, எங்கள் துறையில் தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தார்.

தற்காலிகம் என்றால் எண்பத்தொன்பது நாள். எண்பத்தொன்பதாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் முடியும். சனிக்கிழமை இடைவேளை. திங்கட்கிழமை முதல் மறுபடி எண்பத்தொன்பது நாளுக்கு ஒரு கடிதம் வரும். துறையில் எழுதிக் கொடுத்தால் வரும். எழுதிக் கொடுக்காவிட்டால் வராது. அப்படி ஆறு கடிதங்கள் ரஃபத்துக்கு வந்தன. ஆறாவது கடிதம் 1998 ஜூலை 31 அன்று முடிவதாக இருந்தது. ஏழாவது வராவிட்டால் ஆம்பூருக்குத் திரும்பி ஷூ தைக்க வேண்டியதுதான். டேனரி எப்போது திறக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ரஃபத் கரைசல் தயாரித்துக் கொடுத்தது டாக்டர் சோபனாவுக்கு. அவர் பெங்களூரில் பயிற்சி பெற்று வந்தவர். ஒரே ஒரு செல்லின் மேற்சவ்வில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கத் தெரிந்தவர் அப்போது எங்கள் கல்லூரியில் அவர் ஒருவர்தான். என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்டபோது பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று சுற்றியிருக்கிறது. உப்புகளின் அயனிகள் போய்வர அதில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றைச் சேனல் என்பார்கள். இதயத் தசைச் செல்லில் பொட்டாசியத்துக்கென்று ஒரு சேனல் இருக்கிறது. பொட்டாசியம் உள்ளே வருவதென்றால் அது தாராளமாக விடும். வெளியே போவதென்றால் கஞ்சத்தனம் காட்டும். அதற்கு ஒரு காரணம் செல்லுக்குள் கரைந்திருக்கும் மக்னீசியம். பொட்டாசியம் வெளியே பாயும்போது மக்னீசியமும் அந்தப் பாய்ச்சலில் வந்து துளைக்குள் சிக்கி அடைத்துக்கொள்ளும். உள்நோக்கிப் பாயும்போது அடைப்பு விலகிவிடும்.

எனக்கு இது இரண்டு முறை சொன்ன பிறகே விளங்கியது. ரஃபத்துக்கு ஒரே முறையில் விளங்கிவிட்டது.

"டேனரில தோல் ஊறப்போடற சுண்ணாம்புத் தொட்டி மாதிரி மேடம்," என்றார். "தண்ணிய வெளிய விட்டா, தோல்ல இருந்து விழுந்த சதைத்துண்டு போய் ஓட்டையில மாட்டிக்கும். வெளிய இருந்து ஹோஸ் வெச்சி அடிச்சா பின்னால போய்டும்."

டாக்டர் அந்த உதாரணத்தை அதே வாரம் வகுப்பில் பயன்படுத்தினார். யார் சொன்னது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இதில் டாக்டருக்கு ஏன் அக்கறை என்றால், வார்டில் சில நோயாளிகளுக்குப் பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது, சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். மக்னீசியமும் கொடுத்த பிறகே நிற்கும். சிறுநீரகத்தில் இந்தச் சேனலுக்கு உறவான ஒன்று இருக்கிறது. அங்கும் உள்ளிருந்து அடைக்கும் மக்னீசியம் குறைந்துபோவதுதான் காரணமோ என்பது அவருடைய ஐயம். அதற்கு முன்னால் இதயச் செல்லில், எவ்வளவு மக்னீசியம் எவ்வளவு அடைக்கிறது என்று அளந்துவிட நினைத்தார்.

கினிப்பன்றியின் இதயச் செல்லிலிருந்து ஒரு துணுக்குச் சவ்வை மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயின் நுனியில் ஒட்டிப் பிய்த்தெடுப்பார். செல்லின் உட்புறமாக இருந்த பக்கம் இப்போது கிண்ணத்துக் கரைசலைப் பார்த்து இருக்கும். மக்னீசியமே இல்லாத கரைசலை அதன் மேல் ஓடவிட்டால் அடைப்பு நீங்கி, வெளிநோக்கிய மின்னோட்டம் திரையில் எழ வேண்டும். பிறகு மக்னீசியத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எந்த அளவில் எவ்வளவு அடைபடுகிறது என்று பார்க்க வேண்டும். மக்னீசியம் சேர்க்காத அந்த முதல் கரைசலைப் பூஜ்யம் என்று அழைத்தோம். பாட்டிலில் ரஃபத் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தார்.

1998 மார்ச் நடுவில் வேலை தொடங்கியது. பூஜ்யம் பூஜ்யமாக நடந்துகொள்ளவில்லை. பெரும்பாலான நாட்களில் அடைப்பு அப்படியே இருந்தது. சில நாட்களில் மட்டும் மின்னோட்டம் அழகாக எழுந்தது. மறுநாளோ அதற்கு மறுநாளோ மறுபடி படுத்துவிட்டது. செல்லுக்குள் இயல்பாக உள்ள மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே அந்தச் சேனல் அடைபடும் என்பதால், கரைசலில் துளி கலந்தாலும் கெட்டது. மக்னீசியத்தைப் போலவே அடைக்கும் வேறொரு பொருளும் செல்லுக்குள் உண்டு. அது ஒட்டிக்கொண்டிருக்கலாம், கழுவினால் போகும் என்று டாக்டர் முதலில் நினைத்தார். இன்னும் அதிகமாகக் கழுவச் சொன்னார். ரஃபத் நாளுக்கு இரண்டு லிட்டருக்குப் பதில் நான்கு லிட்டர் தயாரித்தார். கழுவக் கழுவ நிலைமை மோசமானது.

ஜூலை 29, புதன்கிழமை. டாக்டர் எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். மேசை மேல் என் வடிநீர்ப் பதிவேடு இருந்தது.

"ஒரு நாள் உங்க பூஜ்யம் பூஜ்யமா இருக்கு ரஃபத். மறுநாள் இல்ல. நான் என்னன்னு நினைக்கறது?"

"எடை போட்டது எல்லாமே நோட்ல இருக்கு மேடம்."

"நோட்ல எழுதறது சுலபம்." டாக்டர் என் பதிவேட்டில் விரலை வைத்தார். "தண்ணி சரி. சத்தியநாதன் மாசாமாசம் பார்த்து எழுதியிருக்கார். உப்பெல்லாம் சீல் உடைக்காத புது பாட்டில். அப்போ மிச்சம் இருக்கறது யாரு?"

ரஃபத் பதிவேட்டையும் என்னையும் பார்த்தார். என் பதிவேட்டில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏழாவது கடிதத்துக்கு எழுதிக் கொடுக்கப் போவதில்லை என்று டாக்டர் வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. நாலரை மாத வேலை வீணாகியிருந்தது. கையிலிருந்த ஒரே எழுத்துச் சாட்சி ரஃபத்துக்கு எதிராக இருந்தது.

வெள்ளிக்கிழமை ரஃபத்தின் கடைசி நாள். டாக்டர் சென்னைக்குப் போயிருந்தார். ரஃபத் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து, தன் பொறுப்பிலிருந்த நாற்பத்தொரு பொருள்களையும் என்னிடம் ஒப்படைத்தார். நான் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். எல்லாம் முடிந்த பிறகு கைப்பையிலிருந்து அந்தத் தோல் பையை எடுத்தார்.

"சார், போறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு பாத்துக்கட்டுமா? உங்க தண்ணியை."

அதைத்தான் மாதாமாதம் பார்க்கிறேனே என்றேன்.

"நீங்க மீட்டர்ல பாக்கறீங்க. நான் கலர்ல பாக்கறேன். எங்கப்பா பாய்லருக்குப் பாத்த மாதிரி."

இத்தனை நாள் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். புத்தகத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, அதற்கு மேல் நான் என்ன பார்ப்பது என்றார்.

முந்தின நாள் நிரப்பிய இருபது லிட்டர் ஜாடியிலிருந்து குழாயில் கொஞ்சம் பிடித்தார். நாலு சொட்டு, ஒரு சிட்டிகை. குழாய் மாதுளம்பழச் சிவப்பாக மாறியது.

ரஃபத் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இந்தத் தண்ணிக்கு எங்கப்பா பாய்லரைக்கூட பத்த வெக்க மாட்டாரு சார்."

பொடி பழசாகியிருக்கும் என்றேன். அவர் வாதாடவில்லை. மருந்து கலந்து ஊசி போடுவதற்கான சுத்த நீர்க் குப்பி ஒன்றை என் ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கி உடைத்து, அதிலும் அதே பொடியைப் போட்டுக் காட்டினார். நீலம். பொடியிலும் சொட்டு மருந்திலும் குற்றம் இல்லை. குழாய்களைக் கழுவி வைத்துவிட்டு, குப்பியையும் சொட்டு மருந்தையும் என் மேசை மேல் வைத்தார். உங்களுக்கு உதவும் சார் என்று சொல்லிவிட்டு, எப்போதும் போகும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

கண்ணால் கண்டதை எழுதாமல் விடும் பழக்கம் எனக்கில்லை. பதிவேட்டைத் திறந்து அன்றைய தேதியில் எழுதினேன்: எண் இல்லை. சிவப்பு.

ஆகஸ்ட் 1, மாதத்தின் முதல் சனிக்கிழமை. வழக்கம்போல, தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் வடிகலத்தின் கொதிகலன் பகுதியை அமிலம் விட்டுக் கழுவினார்கள். திங்கட்கிழமை, வழக்கம்போல உயிர்வேதியியல் துறையிலிருந்து மீட்டரைக் கடன் வாங்கி வந்து புதிய தண்ணீரைப் பார்த்தேன். 1.8. ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு அந்தத் தண்ணீரில் ரஃபத்தின் பொடியைப் போட்டேன். நீலம். வெள்ளிக்கிழமை பார்த்த ஜாடி மூலையில் இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் எடுத்துப் பொடி போட்டேன். சிவப்பு. கையில் மீட்டர் இருந்தது. அதே ஜாடித் தண்ணீரில் வைத்தேன். 19.6.

பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். முதல் சனிக்கிழமை சுத்தம். அதற்கடுத்த திங்கட்கிழமை சோதனை. மீட்டர் எங்களுடையது இல்லை என்பதாலும், சுத்தம் செய்த பிறகு பார்ப்பதுதான் முறை என்று நினைத்ததாலும் பல ஆண்டுகளுக்கு முன் நானே ஏற்படுத்திய வழக்கம் அது. மாதத்தில் தண்ணீர் மிக நன்றாக இருக்கும் நாளில் மட்டுமே அதைப் பார்த்து, மிகச் சுத்தமாக எழுதி வந்திருக்கிறேன். மற்ற இருபத்தெட்டு, இருபத்தொன்பது நாட்களைப் பற்றி என் பதிவேட்டுக்கு ஒன்றும் தெரியாது. ரஃபத்தின் எண்பத்தொன்பது நாள் முடிந்தது சுத்தத்துக்கு முந்தின நாள். மாதத்திலேயே மோசமான தண்ணீரை அவர் பார்த்தார். நான் ஒருபோதும் அதைப் பார்த்ததில்லை.

மேலே முதல் வரியாக எழுதியிருக்கும் மார்ச் 2-ஐயும் அப்போதுதான் மறுபடி பார்த்தேன். அந்தக் கோடையில் நகராட்சித் தண்ணீர் குறைந்து, லாரித் தண்ணீர் வாங்கத் தொடங்கியிருந்தோம். அதுவரை வடிகலத்தின் அடித்தண்ணீரைத் தினமும் மாலையில் திறந்து விட்டுவிடுவார்கள். அதை வீண் என்று கருதி, மாதம் ஒருமுறை விட்டால் போதும் என்று நான்தான் எழுதி ஒட்டினேன். நாளுக்குப் பதினைந்து லிட்டர் மிச்சமானது. அதையும் பெருமையோடு பதிவு செய்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்ததும் இரண்டு குழாய்களையும் பதிவேட்டையும் அவர் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் தன் ஆய்வு நோட்டைத் திறந்தார். பூஜ்யம் பூஜ்யமாக இருந்த நாட்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நான் சுத்தம் செய்த தேதிகளைச் சொன்னேன். அவர் ஏப்ரல் 7 என்றார். நான் ஏப்ரல் 4 என்றேன். மே 5, மே 6, மே 2. ஜூன் 9, ஜூன் 6. ஜூலை 7 என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

"மக்னீசியத்தைக் கழுவறதுக்கு மக்னீசியத்தையே ஊத்திட்டிருந்திருக்கேன்," என்றார்.

மார்ச் 2 வரி என்னுடையது என்று சொன்னேன்.

"நீங்க தண்ணிய மிச்சம் பண்ணீங்க. நான் கால்சியத்தைப் பிடிக்கறதுக்கு மட்டும் மருந்து போட்டுட்டு, மக்னீசியம்தான் சேர்க்கலையே, அதுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். அது முதல் வருஷப் பாடம். ரெண்டு பேர் தப்பையும் சேர்த்து அந்தப் பொண்ணு தலையில எழுதிட்டோம்."

கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். நேரில்தான் போக வேண்டும் என்றார்.

வியாழக்கிழமை காட்பாடியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் ஆம்பூர் போனோம். வீடு ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருந்தது. முன்னறையில் ஷூவின் மேல்பாகங்கள் கருப்பும் பழுப்புமாகக் குவிந்திருந்தன. அஃப்ஸர் ஜஹானும் ரஃபத்தும் எதிரெதிராக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ரஃபத் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தார்.

டாக்டர் உட்காரக்கூட இல்லை. "உங்க கை மேல சந்தேகப்பட்டது என் தப்பு ரஃபத். தண்ணிலதான் இருந்தது. நீங்க காட்டிட்டுப் போனீங்க. வந்துடுங்க."

உள்ளேயிருந்து வந்த நிசார் அஹமது நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "மூணு வருஷம் என் பாய்லரை வெடிக்காம வெச்ச பொண்ணு மேடம். அந்த டப்பாக் கலர் ஏமாத்தாது. நானே எத்தனையோ தபா கெஞ்சிப் பாத்திருக்கேன், ஒரு நாள்கூட சிவப்பை நீலம்னு சொன்னதில்ல."

அவருக்கு டாக்டரின் ஆராய்ச்சியில் அக்கறை இல்லை, வடிகலத்தில்தான் அக்கறை. எவ்வளவு பெரியது, எந்தத் தண்ணீர், எத்தனை மணி நேரம் ஓடும் என்று என்னை விசாரித்தார். அடித்தண்ணீரை எப்போது விடுவீர்கள் என்று கேட்டார். மாதம் ஒருமுறை என்றேன்.

"மாசம் ஒரு தபாவா?" அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாசம் ஒரு தபா குளிக்கறவனைக்கூட பாத்திருக்கேன் சார். மாசம் ஒரு தபா தண்ணி விடற பாய்லரைப் பாத்ததில்ல."

பிறகு விளக்கினார். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு கலத்திலேயே தங்கும். மேலே மேலே தண்ணீர் சேர்த்துக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்பு ஜாஸ்தியானால் கொதிக்கும்போது நுரை கட்டும். நுரை தெறித்து, அந்தத் துளிகள் ஆவியோடு சேர்ந்து வந்துவிடும். டேனரியில் இதற்காகத்தான் நாளுக்கு இரண்டு முறை அடித்தண்ணீரைத் திறந்து விடுவார்கள். அவர் விரல்களைக் குவித்துத் துளி தெறிப்பதைக் காட்டினார். டாக்டர் ஒரு மாணவியைப் போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரஃபத் டீ கொண்டு வந்து கொடுத்துவிட்டு, வருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்றார்.

"தினம் காலைல தண்ணிய நான் பாப்பேன் மேடம். நீலம் வந்தாத்தான் கரைசல் போடுவேன். சிவப்பு வந்தா அன்னிக்கு வேலை இல்ல. சாரோட புக்குல அதுக்கு ஒரு பத்தி வேணும். அதுல என் கையெழுத்து."

டாக்டர் என்னைப் பார்த்தார். கையோடு கொண்டுபோயிருந்த பதிவேட்டில், ரயிலில் திரும்பும்போதே நான் பத்திக்குக் கோடு போட்டுவிட்டேன்.

ஏழாவது கடிதம் ஆகஸ்ட் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அடித்தண்ணீர் மறுபடி தினமும் போனது. அந்தப் பதினைந்து லிட்டரைத் தரை கழுவ எடுத்துக்கொண்டார்கள். கரைசலில் மக்னீசியத்தையும் பிடித்து வைக்கும் இ.டி.டி.ஏ. என்ற பொருளைச் சேர்த்தார்கள். ரஃபத்துக்கு அது பழைய தோழன். டேனரியில் தண்ணீரின் உப்பை அளக்க தினமும் கையில் எடுத்த பொருள். எந்த அளவுக்குச் சேர்த்தால் கணக்கு கெடாது என்பதை டாக்டரும் அவரும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து போட்டார்கள்.

ஆகஸ்ட் 13 அன்று திரையைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். பூஜ்யக் கரைசல் ஓடியதும் வெளிநோக்கிய மின்னோட்டம் எழுந்தது. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், படுக்கவே இல்லை. பிறகு டாக்டர் மக்னீசியம் ஒரு துளி கலந்த பாட்டிலுக்கு மாற்றினார். கோடு இறங்கியது. திரும்பப் பூஜ்யம். கோடு ஏறியது.

"சதைத்துண்டு மாட்டிச்சு. இப்ப எடுத்தாச்சு," என்றார் ரஃபத்.

அன்று முதல் ஜனவரி இறுதி வரை அறுபத்து மூன்று துணுக்குகளில் அளந்தார்கள். என் பதிவேட்டின் புதிய பத்தியில் அந்தக் காலத்தில் நான்கு சிவப்புகள் உண்டு. அந்த நான்கு நாளும் துறையில் யாரும் கரைசல் போடவில்லை. ஒரு முறை டாக்டர் அவசரப்பட்டார். ரஃபத் குழாயைத் தூக்கிக் காட்டினார். டாக்டர் வகுப்பெடுக்கப் போய்விட்டார்.

எட்டாவது கடிதம் நவம்பர் 9-ல் தொடங்கியது. பிப்ரவரி 5-ல் முடிவது. இதற்கிடையில் டிசம்பரில், டேனரி சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்து மறுபடி திறந்தது. நிசார் அஹமது பாய்லருக்குத் திரும்பினார். ஆய்வுக்கூட வேலை ரஃபத்துக்கே என்று மேலாளர் சொல்லியனுப்பினார். நிரந்தர வேலை, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். பிப்ரவரி 8 வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னாராம். வேறு ஒருவன் காட்டும் நிறத்தை நம்பி எத்தனை நாள் பாய்லர் ஓட்டுவது என்று தந்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரஃபத் என்னிடம் மறைக்காமல் சொன்னார். அவருக்கு இங்கே இருக்கத்தான் ஆசை. ஆனால் இன்னும் ஒரு எண்பத்தொன்பது நாளுக்காக டேனரியை விட முடியாது.

டாக்டர் சோபனா நிரந்தர நியமனம் கேட்டு ஜனவரி 11-ல் முதல்வர் அலுவலகத்துக்கு எழுதினார். தண்ணீரில் இருந்த பிழையைத் துறையில் கண்டுபிடித்தவர் இவர்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஜூலை 31-ஆம் தேதி வரி இருந்த பக்கத்தை நகலெடுத்து இணைக்கலாமா என்று டாக்டர் என்னிடம் தயங்கிக் கேட்டார். அந்தப் பக்கத்தில் என் 1.8-கள் எல்லாம் வரிசையாக இருந்தன; பார்க்கிறவர்களுக்கு என் வழக்கத்தின் குறை ஒரே பார்வையில் தெரியும். மார்ச் 2 வரி இருந்த முந்தின பக்கத்தையும் சேர்த்து நகலெடுத்து, இரண்டிலும் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. பிப்ரவரி முதல் திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை ரஃபத் தன் நாற்பத்தொரு பொருள்களையும் துடைத்து வரிசையாக வைத்துவிட்டார்; வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வசதியாக இருக்கட்டும் என்று. கறுப்புப் பொடிக் குப்பியை மட்டும் தோல் பைக்குள் வைக்கவில்லை.

மறுநாள் காலை அன்றைய தண்ணீரைப் பார்த்து நீலம் என்று எழுதிக் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் ஆதிகேசவன் ஓர் உறையோடு வந்தார். ரஃபத் பிரித்து, கடைசி வரிகளை முதலில் படித்தார். எண்பத்தொன்பது நாள் கடிதங்களில் முடியும் தேதி அங்கேதான் இருக்கும். பிறகு கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல முடியற தேதியே இல்ல சார்."

இல்லைதான். உள்வரவுப் பதிவேட்டில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் கரைசல் போடப் போய்விட்டார். இதை எழுதும் 2008-லும் அதே மேசையில் தினமும் காலையில் தண்ணீர் பார்க்கிறார். துறைக்கு வேறு மூன்று வடிகலங்கள் வந்துவிட்டன. பதிவேட்டில் நிறத்துக்கான பத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. வேலை சம்பந்தமாக அதற்குப் பிறகு அவருக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. அந்த ஒன்பதாவது, கடைசிக் கடிதம் வந்த தேதி 1999 பிப்ரவரி 4, வியாழக்கிழமை.